விளையாடிக் கற்கும் செய்நிரலாக்கம்



தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் உங்களுக்குப் பிடிக்காத அலகு எதுவெனக் கேட்டால் பலரும் ஒரே விடையைத்தான் கூறுவீர்கள். அது செய்நிரலாக்கம். வன்பொருள், வலையமைப்பு, விரிதாள் முதலிய அலகுகளைப் படித்து முடித்துவிட்டு, "புரோகிராமிங் கேள்வியை விட்டுவிடலாம்" என்று தீர்மானித்துப் பரீட்சை மண்டபத்துக்குச் செல்பவர்கள் உங்களுள் இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகின்றது.

முதலில் ஓர் உண்மையைக் கூறிவிடுகிறேன். நான் ஒரு கலைப்பட்டதாரி. பல்கலைக்கழகத்தில் தமிழும் புவியியலும் கற்றேன். நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில்தான் கணினி வகுப்பொன்றிற் சேர்ந்தேன். அங்கு எழுதித் தந்த செய்நிரல்களை நானும் உங்களைப் போலவே பாடமாக்கினேன். ஒரு வரியாவது விளங்கவில்லை. பின்னர் எவ்வாறு விளங்கியது என்பதையும், அதே வழியில் என்னிடம் படித்த மாணவி ஒருவர் எவ்வாறு தெளிவு பெற்றார் என்பதையும் இங்கு நோக்குவோம்.

1. மனனம் எங்கே கைவிடுகின்றது?

மூன்று எண்களின் சராசரியைக் காணும் போலிக் குறிமுறையை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள்.

தொடக்கம்
அ, ஆ, இ என்பவற்றை உள்ளிடுக
மொத்தம் = அ + ஆ + இ
சராசரி = மொத்தம் / 3
சராசரியை வெளியிடுக
முடிவு

மேலே குறிப்பிட்ட மாணவி பதினோராம் ஆண்டில் என் வகுப்பிற்கு வந்தபோது இதனை ஒரு பிழையுமின்றி எழுதிக் காட்டினார். "நல்லது பிள்ளை, இனி நாற்பது எண்களின் சராசரியைக் காண்பதற்கு எழுதுங்கோ" என்றேன். சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது பள்ளிக்கூடத்தில தரேல்லை ரீச்சர்" என்றார்.

பிழை அவருடையதன்று. செய்நிரலை ஒரு செய்யுளைப் போல மனனம் செய்யும்படிதான் அவருக்குக் காட்டப்பட்டிருந்தது. செய்யுளில் ஒரு சொல்லை மாற்றினால் அது தவறு. செய்நிரலிலோ சொற்களை மாற்றிப் பார்ப்பதுதான் படிப்பு. பரீட்சை வினாவும் பெரும்பாலும் நாம் பார்த்த செய்நிரலை அப்படியே கேட்பதில்லை. எண்ணை மாற்றும், நிபந்தனையை மாற்றும், ஒரு வரியை வெறுமையாக விட்டு நிரப்பச் சொல்லும். ஆகவே மாற்றிப் பார்த்துப் பழகாதவர் அவ்விடத்தில் நின்றுவிடுகிறார்.

மாற்றிப் பார்த்தலுக்கு எளிமையான பெயர் விளையாட்டு. விளையாட்டு என்றதும் படிப்பை விட்டுவிட்டுப் பொழுதுபோக்குவது என எண்ண வேண்டாம். "இதை இப்படி மாற்றினால் என்ன நடக்கும்?" என்று கேட்டு, செய்து பார்த்து, நடந்ததற்குக் காரணம் தேடுவதையே இங்கு விளையாட்டு என்கிறோம்.

2. ஆமையிலிருந்து ஆரம்பம்

பிள்ளைகள் விளையாடிக்கொண்டே செய்நிரலாக்கம் கற்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1967 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் லோகோ என்னும் கணினி மொழி உருவாக்கப்பட்டது. சேமோர் பப்பேட், வொலஸ் ஃபொயர்சைக், சிந்தியா சொலமன் ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். லோகோ என்ற பெயர் சொல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொடக்கத்தில் இம்மொழி சொற்களையும் வாக்கியங்களையும் கையாள்வதற்கே பயன்பட்டது.

பப்பேட் தென்னாபிரிக்காவில் 1928 இல் பிறந்த கணிதவியலாளர். பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி பற்றி ஆராய்ந்த ஜீன் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். பிள்ளை வெறும் பாத்திரமன்று, அறிவைத் தானே கட்டியெழுப்புகின்றது என்பது பியாஜேயின் கருத்து. பப்பேட் இதனை மேலும் ஒரு படி கொண்டு சென்றார். கண்ணால் பார்க்கக்கூடிய, பிறருக்குக் காட்டக்கூடிய ஒன்றைத் தானே உருவாக்கும்போது அக்கற்றல் இன்னும் நன்றாக நடைபெறும் என்றார். கணினி பிள்ளையைச் செய்நிரற்படுத்தக் கூடாது, பிள்ளையே கணினியைச் செய்நிரற்படுத்த வேண்டும் என்பதும் அவரது நிலைப்பாடு. 1980 இல் வெளிவந்த தமது நூலில் இவற்றை அவர் விளக்கினார். 2016 இல் காலமானார்.

லோகோவிற்குப் புகழ் தேடித் தந்தது ஆமை. தரையில் ஊர்ந்து செல்லும் சிறிய இயந்திரம் ஒன்றில் பேனையைப் பொருத்தி அதற்கு ஆமை எனப் பெயரிட்டனர். கட்டளையிட்டால் அது நகர்ந்து கோடு வரையும். பின்னர் அந்த ஆமை கணினித் திரைக்குள் வந்தது. முன்னே செல், வலப்பக்கம் திரும்பு என்பன போன்ற கட்டளைகளே அதற்குப் போதும்.

3. நாமும் செய்து பார்ப்போம்

இதற்குக் கணினி வேண்டியதில்லை. வீட்டு முற்றமும் ஒரு நண்பரும் போதும். ஒருவர் ஆமை, மற்றவர் கட்டளையிடுபவர். ஆமையாக இருப்பவர் கட்டளையில் உள்ளதை மட்டுமே செய்ய வேண்டும். சொந்தமாக யோசிக்கக் கூடாது. கணினியும் அப்படித்தான். லோகோவின் கட்டளைகளைத் தமிழில் பின்வருமாறு எழுதிக்கொள்வோம்.

முன்னே 100 : 100 அலகு தூரம் முன்னோக்கிச் செல்க
வலம் 90 : நின்ற இடத்திலேயே வலப்புறமாக 90 பாகை திரும்புக

முற்றத்தில் விளையாடும்போது 100 அலகை 10 அடிகளாக எடுத்துக்கொள்ளலாம். இனி ஒரு சதுரம் வரைவோம்.

முன்னே 100
வலம் 90
முன்னே 100
வலம் 90
முன்னே 100
வலம் 90
முன்னே 100
வலம் 90

எட்டு வரிகளும் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. பாடநூலில் தொடர் எனப்படும் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு இதுவே. ஆனால் ஒரே இரண்டு வரிகளை நான்கு முறை எழுதியிருக்கிறோம் அல்லவா? அதனைச் சுருக்கினால்,

4 முறை மீள்செய்க
   முன்னே 100
   வலம் 90
மீள்செயல் முடிவு

மீள்செயல் என்ற கட்டமைப்பு இப்போது உங்கள் கையில். வரைவிலக்கணத்தைப் பாடமாக்காமலேயே அதன் தேவையை உணர்ந்துவிட்டீர்கள். சலிப்பைத் தவிர்ப்பதற்காகவே மீள்செயல் தோன்றியது என நினைவில் வைத்தாற் போதும்.

அடுத்து ஒரு சமபக்க முக்கோணி. சமபக்க முக்கோணியின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பது உங்களுக்குத் தெரியும். எனவே இவ்வாறு எழுதுவீர்கள்.

3 முறை மீள்செய்க
   முன்னே 100
   வலம் 60
மீள்செயல் முடிவு

மேலே வாசிப்பதற்கு முன் இதனை முற்றத்தில் நடந்து பாருங்கள்.

முக்கோணி வரவில்லை. ஓர் ஒழுங்கான அறுகோணியின் பாதிதான் வந்தது. ஏன்? 60 பாகை என்பது முக்கோணியின் உள்ளே இருக்கும் அகக்கோணம். ஆமை திரும்புவதோ புறக்கோணத்தினால். நேரே போய்க்கொண்டிருந்த ஆமை அடுத்த பக்கத்தைப் பிடிக்க வேண்டுமாயின் 180 இலிருந்து 60 ஐக் கழித்து வரும் 120 பாகை திரும்ப வேண்டும். 60 ஐ 120 ஆக மாற்றி மீண்டும் நடந்து பாருங்கள். முக்கோணி மூடிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சதுரத்தில் 4 தடவை 90, மொத்தம் 360. முக்கோணியில் 3 தடவை 120, அதுவும் 360. எந்தக் குவிவுப் பல்கோணியைச் சுற்றிவந்தாலும் புறப்பட்ட திசையையே மீண்டும் நோக்கும் ஆமை 360 பாகை திரும்பியிருக்கும். கணித பாடத்தில் புறக்கோணங்களின் கூட்டுத்தொகை எனப் படித்த தேற்றம் இதுவே. எனவே பக்கங்களின் எண்ணிக்கையை ஒரு மாறியாக்கிவிடலாம்.

பக்கம் என்பதை உள்ளிடுக
பக்கம் முறை மீள்செய்க
   முன்னே 100
   வலம் 360 / பக்கம்
மீள்செயல் முடிவு

ஒரே செய்நிரல் முக்கோணி, சதுரம், ஐங்கோணி, அறுகோணி எல்லாவற்றையும் வரைகின்றது. மாறி எதற்காக என்ற வினாவிற்கு இதைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியாது. கணினி கிடைத்தால் 12 முறை மீள்செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு சதுரம் வரைந்து பின் 30 பாகை திரும்பும்படி கட்டளையிட்டுப் பாருங்கள். திரையில் ஒரு கோலம் பூக்கும்.

4. வழு என்பது குற்றமன்று

மேலே 60 பாகையில் நாம் விட்டது ஒரு வழு. அந்த வழு நேர்ந்திராவிட்டால் அகக்கோணத்துக்கும் ஆமை திரும்பும் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனித்திருக்கவே மாட்டோம். சிவப்பு மையால் வெட்டப்படும் பிழைக்கும் செய்நிரலில் வரும் வழுவிற்கும் உள்ள வேறுபாடு இதுதான். வெட்டப்பட்ட பிழை அங்கேயே முடிந்துவிடுகின்றது. வழுவோ அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித் தருகின்றது. வழுவைத் தேடித் திருத்துவதை வழுநீக்கல் என்கிறோம்.

பரீட்சைக்காக இரண்டு வகை வழுக்களை வேறுபடுத்தி அறிந்திருங்கள்.

(அ) தொடரியல் வழு : மொழியின் இலக்கண விதியை மீறுதல். உதாரணமாக, பஸ்கால் மொழியில் தேவையான இடத்தில் அரைப்புள்ளி இடாமல் விடுதல். இத்தகைய வழுவைத் தொகுப்பான் கண்டுபிடித்து அறிவிக்கும்.

(ஆ) தருக்க வழு : செய்நிரல் ஓடும், ஆனால் விடை பிழையாக வரும். 60 பாகையில் வரைந்த முக்கோணி இவ்வகை. இதனைக் கணினி அறிவிக்காது. நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

வழு என்பதற்கு ஆங்கிலத்தில் பூச்சி எனப் பொருள்படும் சொல் வழங்குகின்றது. 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி ஹாவார்ட் மார்க் 2 என்னும் கணினியின் அஞ்சற் கருவி ஒன்றினுள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அங்கு பணிபுரிந்தோர் அதனை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சியே அகப்பட்டுவிட்டது என்ற கருத்தில் வேடிக்கையாக ஒரு குறிப்பும் எழுதி வைத்தனர். இச்சம்பவத்திலிருந்தே அச்சொல் பிறந்தது எனச் சில கையேடுகளிற் காணப்படுவது சரியன்று. தோமஸ் அல்வா எடிசன் 1878 இலேயே தமது கடிதத்தில் அச்சொல்லைக் கையாண்டிருந்தார். ஆனால் அந்தப் பதிவேட்டிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பழுதைக் கண்டதும் அவர்கள் ஒளிக்கவில்லை. திகதியிட்டு, சிரித்துக்கொண்டே எழுதி வைத்தார்கள்.

5. பூனையும் கட்டைகளும்

லோகோவின் வழியில் வந்தது ஸ்க்ராச். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஊடக ஆய்வுகூடத்தில் மிச்சல் ரெஸ்னிக் என்பவரின் தலைமையிலான குழு இதனை உருவாக்கி 2007 இல் பொதுப் பாவனைக்கு வெளியிட்டது. இதன் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. இலவசமாகக் கிடைக்கின்றது. ஒருமுறை நிறுவிக்கொண்டால் இணைய இணைப்பு இன்றியும் பயன்படுத்தலாம்.

ஸ்க்ராச்சில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்வதில்லை. நிறம் நிறமான கட்டைகளை இழுத்து ஒன்றுடனொன்று பொருத்த வேண்டும். பொருந்தாத இடத்தில் கட்டை சேராது. ஆகவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி போன்றவற்றால் வரும் தொடரியல் வழுக்களின் தொல்லை பெரும்பாலும் இல்லை. உங்கள் கவனம் முழுவதும் தருக்கத்தின் மீது செல்லும். திரையில் முதலில் தோன்றும் பூனையை நடக்க, பேச, குதிக்கச் செய்யலாம். கதை, விளையாட்டு, இசை எதையும் உருவாக்கலாம்.

ஸ்க்ராச் என்ற பெயரின் பின்னணியும் சுவையானது. பழைய இசைத்தட்டுகளைக் கையால் முன்னும் பின்னும் சுழற்றிப் புதிய ஒலியை எழுப்பும் கலைஞர்களின் செயலிலிருந்தே அப்பெயர் எடுக்கப்பட்டது. இருப்பதை எடுத்து, கலந்து, மாற்றிப் புதியதைச் செய்தல் என்பது அதன் கருத்து.

ரெஸ்னிக் கற்றலை ஒரு சுருளாகக் காட்டுகிறார். கற்பனை செய்தல், உருவாக்குதல், விளையாடுதல், பகிர்தல், சிந்தித்துப் பார்த்தல், மீண்டும் கற்பனை செய்தல் என்பன அதன் படிகள். இதனை அவர் பாலர் பள்ளியிலிருந்தே பெற்றதாகக் கூறுகிறார். ஜேர்மனியில் 1837 இல் ஃபுரோபல் தொடங்கிய பாலர் பள்ளியில் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடியே உருவங்களையும் எண்ணையும் கற்றனர்.

விளையாட்டு மனம் சிறுவர்களுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் பயன்படும் பைதன் மொழியை 1991 இல் வெளியிட்ட கீடோ வான் றொசம் அதற்குப் பெயர் எடுத்தது பாம்பிலிருந்து அன்று. பிரித்தானியத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றிலிருந்தே எடுத்தார்.

6. ஒரு மாணவியின் குறிப்பேடு

இனி நமது மாணவியிடம் திரும்புவோம். அவரது வீட்டிற் கணினி இல்லை. பாடசாலைக் கணினிக் கூடத்தில் வாரத்தில் ஒரு பாடவேளையும், என் வகுப்பிலிருந்த ஒரேயொரு பழைய கணினியில் சனிக்கிழமை அரை மணித்தியாலமும் கிடைத்தன. சராசரியை ஒதுக்கி வைத்துவிட்டு, "உமக்குப் பிடிச்ச ஏதாவது ஒன்றைச் செய்யும்" என்றேன். ஒரேயொரு நிபந்தனை விதித்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் மூன்று விடயங்களை எழுத வேண்டும்: நான் நினைத்தது என்ன, நடந்தது என்ன, ஏன் அப்படி நடந்தது.

மேலிருந்து விழும் மாம்பழங்களைப் பூனை பிடிக்கும் விளையாட்டு ஒன்றை அவர் ஸ்க்ராச்சில் அமைத்தார். ஒரு பழம் பிடித்தால் ஒரு புள்ளி. முதல் தடவை நன்றாக ஓடியது. இரண்டாம் தடவை ஆரம்பித்தபோது புள்ளி பூச்சியத்திலிருந்து தொடங்காமல் முன்பு விட்ட 7 இலிருந்தே தொடங்கியது. கணினி பழுது என்று முதலில் முறையிட்டார். பின்னர் கொப்பியில் எழுதும்போது தாமே கண்டுபிடித்தார். புள்ளி என்ற மாறிக்குத் தொடக்கப் பெறுமானம் கொடுக்கவில்லை. ஆரம்பிக்கும் கட்டையின் கீழ் புள்ளியை 0 ஆக்கும் கட்டையைச் சேர்த்தார். சரியாகிவிட்டது.

அன்று அவர் எழுதியிருந்தது இதுதான்: "மாறி ஒரு பெட்டி என்று படித்தேன். பழைய சாமான் இருக்கும் பெட்டியை வெறுமையாக்காமல் புதிய சாமானை எண்ணினால் கணக்குப் பிழைக்கும்."

சில வாரங்களின் பின் வகுப்பில் மீள்செயல் மூலம் மொத்தம் காணும் குறிமுறையைக் கரும்பலகையில் எழுதினேன். மொத்தம் = 0 என்ற வரியை எழுதியதும், "ரீச்சர், இது மாம்பழப் புள்ளி!" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது. நாற்பது எண்களின் சராசரியை அன்று தாமாகவே எழுதினார்.

அவரது கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இருந்த எண்ணங்களைச் சுருக்கித் தருகிறேன். செய்நிரல் பிழைத்தால் தன்னை யாரோ ஏசுவதாக முன்பு உணர்ந்தார். பின்னர் அது தன்னிடம் ஒரு புதிர் கேட்பதாக உணர்ந்தார். இலகுவாக இருந்த நாட்களைவிடக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த நாட்களே அவருக்கு அதிக சந்தோசத்தைத் தந்தன. பப்பேட்டும் இதே அனுபவத்தைக் கடினமான களிப்பு என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். கடினமாக இருந்தபோதிலும் மகிழ்ச்சி வருகிறது என்பதல்ல, கடினமாக இருப்பதனாலேயே மகிழ்ச்சி வருகிறது என்பது அதன் பொருள்.

7. விளையாட்டு மட்டும் போதுமா?

போதாது. இதனையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நியூயோர்க்கின் பாங்க் ஸ்ரீற் கல்விக் கல்லூரியைச் சேர்ந்த ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் என்னும் ஆய்வாளர்கள் 1980 களின் முற்பகுதியில் லோகோ கற்ற பிள்ளைகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஒரு வருடம் லோகோவில் ஈடுபட்ட பிள்ளைகள், வேலைகளைத் திட்டமிடும் ஒரு சோதனையில் லோகோ கற்காத பிள்ளைகளைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை என 1984 இல் அறிவித்தனர். ஆமையை ஓட்டினால் சிந்தனை தானாகவே வளர்ந்துவிடும் என எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? மாற்றிப் பார்த்தால் மட்டும் போதாது. மாற்றுவதற்கு முன் விளைவை ஊகிக்க வேண்டும். மாற்றிய பின் காரணத்தை எழுத வேண்டும். ஓரிடத்தில் கண்டதை வேறிடத்திலும் தேட வேண்டும். மாம்பழப் புள்ளியையும் மொத்தத்தையும் இணைத்தது விளையாட்டு மட்டுமன்று. அந்தக் கொப்பியும்தான். ரெஸ்னிக்கின் சுருளிலும் விளையாடுதலின் பின் சிந்தித்துப் பார்த்தல் வருவதைக் கவனியுங்கள்.

8. விளையாட்டிலிருந்து விடைத்தாளுக்கு

இனிப் பரீட்சைக்கு உரிய முறையில் விளையாடுவோம். பின்வரும் போலிக் குறிமுறையை உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொடக்கம்
எத்தனை என்பதை உள்ளிடுக
மொத்தம் = 0
எண்ணி = 1
எண்ணி <= எத்தனை ஆக இருக்கும்வரை
   புள்ளி என்பதை உள்ளிடுக
   மொத்தம் = மொத்தம் + புள்ளி
   எண்ணி = எண்ணி + 1
மீள்செயல் முடிவு
சராசரி = மொத்தம் / எத்தனை
சராசரியை வெளியிடுக
முடிவு

எத்தனை = 3 எனவும், புள்ளிகள் முறையே 40, 50, 60 எனவும் கொள்வோம். நீங்களே கணினியாக மாறி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மாறிகளின் பெறுமானங்களை எழுதுங்கள்.

முதலாம் சுற்று : புள்ளி 40, மொத்தம் 40, எண்ணி 2
இரண்டாம் சுற்று : புள்ளி 50, மொத்தம் 90, எண்ணி 3
மூன்றாம் சுற்று : புள்ளி 60, மொத்தம் 150, எண்ணி 4

எண்ணி 4 ஆனதும் நிபந்தனை பொய்யாகின்றது. மீள்செயல் நிற்கின்றது. சராசரி 150 / 3 = 50.

இப்போது குறும்பு செய்வோம். ஒவ்வொரு முறையும் ஒரேயொரு மாற்றம். முதலில் ஊகித்து எழுதுங்கள், பின்பு சரிபாருங்கள்.

குறும்பு 1 : <= என்பதை < ஆக மாற்றுக.
எண்ணி 3 ஆனதும் நின்றுவிடும். 40, 50 மட்டுமே வாசிக்கப்படும். மொத்தம் 90, சராசரி 30. ஒரு சுற்றுக் குறைந்துவிட்டது. பரீட்சையில் அடிக்கடி நேரும் தருக்க வழு இது.

குறும்பு 2 : மொத்தம் = 0 என்ற வரியை மீள்செயலுக்கு உள்ளே முதல் வரியாகக் கொண்டு செல்க.
ஒவ்வொரு சுற்றிலும் பெட்டி வெறுமையாகும். இறுதியில் மொத்தம் 60 மட்டுமே. சராசரி 20.

குறும்பு 3 : எண்ணி = எண்ணி + 1 என்ற வரியை நீக்குக.
எண்ணி எப்போதும் 1 ஆகவே இருக்கும். நிபந்தனை ஒருபோதும் பொய்யாகாது. செய்நிரல் முடிவின்றிப் புள்ளிகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இதுவே முடிவிலி மீள்செயல்.

இந்த மூன்று குறும்புகளையும் செய்தவருக்கு, "வெறுமையான இடத்தை நிரப்புக", "வெளியீட்டைத் தருக", "வழுவைக் கண்டு திருத்துக" ஆகிய மூவகை வினாக்களும் புதியனவாகத் தோன்றமாட்டா. இருபது செய்நிரல்களைப் பாடமாக்குவதிலும் பார்க்க ஐந்து செய்நிரல்களில் இவ்வாறு விளையாடுவது மேல். மொழி பஸ்காலாக இருந்தாலென்ன, பைதனாக இருந்தாலென்ன, தருக்கம் ஒன்றே.

9. நினைவிற் கொள்க

* ஒரு செய்நிரலை வாசித்தவுடன் முதலில் கையால் ஓட்டிப் பார்க்கவும்.
* ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யவும். இரண்டை மாற்றினால் எது காரணம் எனத் தெரியாது.
* நினைத்தது, நடந்தது, காரணம் ஆகிய மூன்றையும் எழுதி வைக்கவும்.
* மாறிகளின் தொடக்கப் பெறுமானம், மீள்செயலின் நிபந்தனை, எண்ணியின் அதிகரிப்பு ஆகிய மூன்றையும் எப்போதும் சரிபார்க்கவும்.
* விளையாட்டுக்கும் நேர எல்லை உண்டு. பரீட்சைக்கு முன் கடந்தகால வினாத்தாள்களை நேரம் குறித்துச் செய்யவும்.

10. பயிற்சி வினாக்கள்

1. ஒழுங்கான ஐங்கோணி ஒன்றை வரைய ஆமை ஒவ்வொரு முறையும் எத்தனை பாகை திரும்ப வேண்டும்?

2. 5 முறை மீள்செய்து, ஒவ்வொரு முறையும் ஆமை 100 அலகு முன்னே சென்று வலப்புறம் 144 பாகை திரும்புகின்றது. அது திரும்பிய மொத்தக் கோணம் எவ்வளவு? கிடைக்கும் உருவம் யாது?

3. எண்ணியின் தொடக்கப் பெறுமானம் 10. எண்ணி > 0 ஆக இருக்கும்வரை எண்ணியை வெளியிட்டு, பின் எண்ணி = எண்ணி - 3 எனச் செய்யப்படுகின்றது. வெளியீட்டைத் தருக.

4. பகுதி 8 இலுள்ள குறிமுறையில் எத்தனை என்பதற்கு 0 உள்ளிட்டால் என்ன நிகழும்? எவ்வாறு திருத்தலாம்?

விடைகள்

1. 360 / 5 = 72 பாகை.

2. 720 பாகை, அதாவது இரண்டு முழுச் சுற்றுகள். ஐந்து முனைகளைக் கொண்ட நட்சத்திரம்.

3. 10, 7, 4, 1.

4. மீள்செயல் ஒரு தடவையும் நிகழாது. சராசரி காணும்போது 0 ஆல் வகுக்க நேர்வதால் வழு ஏற்படும். எத்தனை > 0 ஆயின் மட்டும் சராசரியைக் கணித்து வெளியிடுமாறு தெரிவுக் கட்டமைப்பு ஒன்றைச் சேர்த்துத் திருத்தலாம்.

மாணவர்களே, அந்த மாணவி பரீட்சையில் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால் விட்டுவிடலாம் என எண்ணியிருந்த செய்நிரலாக்க வினாவை முதலாவதாக எடுத்து எழுதினார். திறமைச் சித்தி பெற்றார். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது வேண்டாமென்று எனக்கே தந்துவிட்டார், அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் காட்டும்படி. இன்றும் முதல் வகுப்பில் அதனைக் காட்டியே தொடங்குகிறேன். நீங்களும் இன்று ஒரு பழைய கொப்பியை எடுத்து, முற்றத்தில் ஒரு சதுரம் நடந்து பார்த்து, நடந்ததை எழுதுங்கள். வினாத்தாளைக் கண்டு அஞ்சாது எழுதி நற்பெறுபேறு பெற வாழ்த்துகிறேன்.